ஈயம் இரண்டைத்தான் கொடுக்கும்

"போன தபா குடுத்தல்ல? இந்த தபா இன்னா கேடு உனக்கு?"

"போன தபா குடுத்தேன். அதுக்காவ? வருஷம் பூரா உன் பேருக்கு ரத்தம் சப்ளை பண்றதுக்கு நான் இன்னா பால்காரனா?"

"கத்தாதடா. உள்ள அந்த மேடம் கீது."

"கேக்கட்டுமே. எனக்கு ஒரு குத்து, உனக்கு ஒரு குத்து. ஒரே கையில ரெண்டு ஓட்டை. போன தபாவே அது என் கையப் பாத்துட்டு என் மூஞ்சியப் பாத்துச்சு."

"பாத்துட்டு சும்மாதான இருந்துச்சு?"

பச்சைத் துணித் தடுப்புக்கு இந்தப் பக்கம், லேபிலிருந்து ரத்தம் எடுக்க வந்து உட்கார்ந்திருந்த மெர்சி, ஊதா மூடி போட்ட ட்யூப்புகளை ஸ்டாண்டில் அடுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் இரண்டும் தெரிந்த குரல்தான். கெஞ்சுகிறவன் எபினேசர், உலையில் வேலை. மறுக்கிறவன் அன்புசெல்வன், கேட்டுக்குப் பக்கத்தில் எடைமேடையில் வேலை. கேன்டீனில் நாஷ்டா முடிந்து பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அவளுக்கு ஒரு மேசையும் நாற்காலியும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சாம்பார் வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் ஒன்றாக அடித்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கி ஈயம் எடுக்கிற கம்பெனி அது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் ரத்தம் எடுத்து அதில் ஈயம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நாற்பதுக்கு மேல் போனால் அந்த ஆளை 'ரெஸ்ட்டில்' போடுவார்கள். பெயர்தான் ரெஸ்ட். காண்ட்ராக்டில் இருக்கிறவன் ரெஸ்ட்டில் போனால் திரும்பி வந்ததாக அந்தக் கம்பெனியில் சரித்திரமே கிடையாது. அதனால் உலைக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். எடைமேடையில் இருக்கிறவன், செடிக்குத் தண்ணீர் விடுகிறவன், கேன்டீன் பையன் என்று உலைப் பக்கம் வராத யாரையாவது பிடித்து, தன் பெயரைச் சொல்லி ரத்தம் கொடுத்துவிட்டு வரச் சொல்வார்கள். இதற்குக் 'கை மாத்தறது' என்று பேர். மெர்சிக்கு இது தெரியும். நாலு வருஷமாகத் தெரியும். ஒரே ஆள் காலையில் அன்புசெல்வனாகவும் மத்தியானம் எபினேசராகவும் வந்து கையை நீட்டும்போது அவள் நரம்பை மட்டும் பார்ப்பாள். ஆளைப் பார்த்தால் ஏதாவது எழுத வேண்டி வரும்.

கடைசியில் அன்புசெல்வன்தான் வந்தான். "எபினேசர்" என்றான், மேசையைப் பார்த்துக்கொண்டு. அவள் இந்தத் தடவை இடது கையை நீட்டச் சொன்னாள்.

பதினேழாவது ஆளாக இம்மானுவேல் வந்து உட்கார்ந்தான்.

"பேரு?"

"இம்மானுவேல்."

"வயசு?"

"முப்பத்தி நாலு. மெதுவா குத்துங்க மேடம், ஊட்ல பொண்டாட்டி தேடும்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பொண்டாட்டி அவள்தான் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். கம்பெனி ஆபீசில் மட்டும் யாருக்கும் தெரியாது. லேப் நடத்துகிற பூவராகவன் சாருக்கும் அவள் சொன்னதில்லை. மெர்சி சிரிக்காமல் ரப்பரைக் கட்டினாள். கையை இறுக்கி மூடச் சொன்னாள். அவன் மூடினான். மூடின விரல்கள் பாதியில் நின்றன. மணிக்கட்டு தாங்காமல் கீழே சாய்ந்தது. அவன் அதை மறைக்க இன்னொரு கையால் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். சிரித்தபோது பல்லுக்கு மேல் ஈறில் நீலக் கோடு ஒன்று தெரிந்தது, பேனாவால் இழுத்த மாதிரி. உடம்பில் ஈயம் ஏறினால் விழுகிற கோடு. தினமும் பார்க்கிற வாய்தான். வெளிச்சத்தில் இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்து நாளாகியிருந்தது.

"அவ்ளோதானா மேடம்?"

"அவ்ளோதான். அடுத்து."

போன தடவை அவனுக்கு முப்பத்தெட்டு. அதுவும் அவன் சொந்த ரத்தம். கை மாற்ற ஆள் பிடிக்கிறது அவனுக்குப் பிடிக்காது. "என்னுத நானே குடுத்துக்கறேன், எவன்கிட்டயும் நிக்க மாட்டேன்" என்பான். இந்த ஆறு மாதத்தில் வயிற்று வலி என்று எத்தனை நாள் சுருண்டு படுத்தான், எத்தனை நாள் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தான் என்பதெல்லாம் அவளுக்குக் கணக்கு உண்டு. முப்பத்தெட்டில் நின்றிருக்காது. லேபுக்குத் திரும்புகிற ஆட்டோவில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் முடிவு செய்துவிட்டாள். அவன் யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

லேப், மெயின் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடி. எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி வருகிற லாரிகள் ஓடுகிற ஓட்டத்தில் ஜன்னல் கண்ணாடி நாள் முழுக்க நடுங்கும். பூவராகவன் சார் திருவள்ளூரில் ஒரு மீட்டிங் என்று போயிருந்தார். "நாளைக்கு பதினோரு மணிக்குள்ள ரிப்போர்ட் போயாகணும்மா" என்று காலையிலேயே சொல்லியிருந்தார். கூட வேலை பார்க்கிற நர்மதாவும் சாப்பிடப் போய்விட்டாள். மெர்சி கதவைச் சாத்திவிட்டு, இம்மானுவேலின் ட்யூப்பை எடுத்து ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தாள். இன்னும் லேசாகச் சூடு இருப்பது போலத் தோன்றியது. அதை மெஷினில் வைத்துப் பார்க்கவில்லை. மெஷினில் ஒரு தடவை ஓடினால் அது கம்ப்யூட்டரில் ஏறிவிடும், அழிக்க முடியாது. அது ஒரு காரணம். பார்க்கிற தைரியம் இல்லை என்பது இன்னொன்று. கழிவுக்கு வைத்திருந்த மஞ்சள் கவரில் போட்டுக் கட்டினாள். பிறகு தன் இடது கையில் தானே ரப்பரைக் கட்டி, ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்து, நரம்பைத் தேடி ஊசியை இறக்கினாள். புது ட்யூப்பில் அவன் பெயரை ஒட்டினாள்.

அவள் ரத்தத்தில் நாலோ ஐந்தோ வரும். உலைக்காரனுக்கு ஐந்து வந்தால் சந்தேகப்பட மாட்டார்களா என்று ஒரு யோசனை வந்தது. குறைந்த நம்பரைப் பார்த்து எந்தக் கம்பெனியும் சந்தேகப்பட்டதில்லை என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

மெர்சி பொன்னேரியில் காலேஜ் படித்தவள். கெமிஸ்ட்ரி. கல்யாணமான புதிதில் இம்மானுவேல் அவளுடைய பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். சின்னச் சின்னக் கட்டம், கட்டத்துக்குள் மேலே பார்த்த அம்பு ஒன்று, கீழே பார்த்த அம்பு ஒன்று. "இன்னா இது, லிப்ட்டா?" என்றான். அவள் சிரித்துவிட்டு, அணுவுக்குள் எலக்ட்ரான் எப்படி இருக்கும் என்பதைத்தான் அப்படிப் போட்டிருக்கிறது என்றாள். ஸ்கூல் புத்தகத்தில் சூரியனைக் கிரகம் சுற்றுகிற மாதிரி படம் போட்டிருப்பார்கள், அது சரியில்லை. எலக்ட்ரானுக்கு இன்ன இன்ன உயரம் என்று படி இருக்கிறது. படியில் நிற்கலாம், இரண்டு படிக்கு நடுவில் நிற்க முடியாது. ஒரு கட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம். அந்த இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் எதிர்ப் பக்கமாகச் சுழல வேண்டும். மூன்றாவது ஆள் வந்தால் வேறு கட்டம்தான்.

இம்மானுவேல் கொஞ்ச நேரம் யோசித்தான். "நம்ம ஷெட்டுக்குப் பின்னாடி இந்திக்காரப் பசங்க ரூமு மாதிரி. ஒரு கட்டில்ல ரெண்டு பேர் படுப்பானுங்க. ஒருத்தன் தலை இந்தாண்ட, இன்னொருத்தன் தலை அந்தாண்ட. மூணாவது ஆளு படுக்க முடியாது."

"ஆமா. ஒரே உயரத்துல மூணு கட்டில் காலியா இருந்தா மொதல்ல ஆளுக்கு ஒண்ணுதான். அப்புறம்தான் ஜோடி சேரும்."

"காலிக் கட்டில் கீறப்ப எவன் போய் இன்னொருத்தன் காலை மோந்துக்கினு படுப்பான்?"

இதைக் காலேஜில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் பரீட்சையில் அவளுக்கு அந்தக் கேள்வி தப்பாகியிருக்காது. ஈயத்தின் ஓரத்தில் நாலு எலக்ட்ரான். நாலு இருப்பதால் கார்பன் மாதிரி நாலையும் சேர்த்தே வேலை செய்யும் என்று எழுதி வைத்துவிட்டு வந்தாள். தப்பு. அந்த நாலில் இரண்டு கீழ்க் கட்டிலில் ஜோடியாகப் படுத்திருக்கிறது. மற்ற இரண்டு மேல் வரிசையில் ஆளுக்கொரு கட்டில். ஈயம் கனமான அணு, நடுவில் எண்பத்திரண்டு புரோட்டான் உட்கார்ந்து இழுக்கிறது. கீழ்க் கட்டில் ஜோடி அந்த இழுப்பில் உள்ளே அமுங்கிக் கிடக்கும், லேசில் வெளியே வராது. மேலே இருக்கிற இரண்டைத்தான் கழற்றிக் கொடுக்கும்.

"ஈயம் நாலு வச்சிருக்கும், ரெண்டுதான் குடுக்கும்" என்று அன்றைக்கு அவனுக்குச் சொன்னாள்.

"எங்க மேஸ்திரி மாதிரி" என்றான் அவன்.

சிரித்தார்கள். இரண்டைக் கொடுக்கிற இன்னொரு ஆள் சுண்ணாம்புச் சத்து, கால்சியம், என்று அவள் அப்போது சொல்லவில்லை. பாடத்தில் அது வேறு பக்கத்தில் இருந்தது. உடம்புக்கு யார் பெயரும் தெரியாது. ஈயமும் இரண்டைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறது, ஆள் பருமனும் கிட்டத்தட்ட அதே அளவு, சரி உள்ளே போ என்று எலும்பு கதவைத் திறந்துவிடும். நரம்பும் அப்படித்தான். வளர்கிற எலும்பு இன்னும் சீக்கிரம் திறக்கும்.

மெஷினுக்கும் பெயர் தெரியாது. அதற்குள் ஒரு விளக்கு, அதன் நடுவில் துளி ஈயம். கரண்ட் கொடுத்தால் அந்த ஈயத்தின் எலக்ட்ரான்கள் மேல் படிக்கு ஏறி இறங்கும். இறங்கும்போது அந்தப் படி என்ன உயரமோ அதே அளவுக்கு ஒரு வெளிச்சம் வரும். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். எதிரே பென்சில் கரியில் செய்த சின்னக் குழாய் ஒன்றில் ஒரு துளி ரத்தம். அதைக் காய வைத்து, எரித்து, கடைசியில் குழாய் வெள்ளையாகக் கனலும் வரைக்கும் சூடேற்றினால் ரத்தத்தில் இருக்கிற ஈயம் ஆவியாகும். விளக்கிலிருந்து வருகிற வெளிச்சத்தை அந்த ஈயம் மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். இரும்பு எடுக்காது, உப்பு எடுக்காது. அவற்றின் படி உயரம் வேறு. எவ்வளவு வெளிச்சம் குறைந்ததோ அவ்வளவு ஈயம்.

எபினேசருக்கு ஆறு வந்தது. அது அன்புசெல்வனுடைய ஆறு. அன்புசெல்வனுக்கும் ஆறு. அடுத்து எட்டு. அடுத்து ஐந்து. அடுத்தது இம்மானுவேல் என்று திரையில் ஓடியது. மெர்சி டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். ஈயத்துக்கு ஏற்பத் திரையில் கோடு ஏறும், அதற்குச் சத்தம் எதுவும் கிடையாது. நிமிர்ந்து பார்த்தபோது ஏறி முடித்திருந்தது.

நாற்பத்து மூன்று.

ட்யூப்பை மாற்றி வைத்துவிட்டோமோ என்று முதலில் பார்த்தாள். இல்லை. குழாயில் பழைய ஈயம் ஒட்டியிருக்கும் என்று வெறும் தண்ணீரை ஓட்டினாள். பூஜ்யம். தெரிந்த அளவு ஈயம் கலந்த தண்ணீரை ஓட்டினாள். சரியாக வந்தது. மறுபடி அதே ரத்தம். நாற்பத்து இரண்டரை. கையில் ஏதாவது ஒட்டியிருக்குமோ என்று சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவி, வலது கையில் இன்னொரு தடவை எடுத்தாள். எழுதுகிற கையில் இன்னொரு கையால் எடுப்பதால் நரம்பு நழுவி இரண்டு குத்துக் குத்த வேண்டியிருந்தது. நாற்பத்து மூன்று. நர்மதா சாப்பிட்டுவிட்டு வந்து, "இன்னாக்கா ரெண்டு கையிலயும் பஞ்சு?" என்று கேட்டாள். சுகர் பார்த்தேன் என்றாள் மெர்சி.

நாலு வருஷமாக ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை. உலையைக் கண்ணால் பார்த்தது கூட இல்லை.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு இம்மானுவேலின் கால்சட்டைதான் ஞாபகத்துக்கு வந்தது. கம்பெனியில் குளிக்கிற இடம் உண்டு. காண்ட்ராக்ட் ஆட்கள் ஷிப்ட் விடும் நேரத்தில் தண்ணீர் இருக்காது. உடுப்பும் இரண்டே செட். ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து, இன்னொன்றைப் பையில் சுருட்டிக்கொண்டு வருவான். அவள் மற்ற துணியோடு சேர்க்க மாட்டாள், விஷயம் தெரிந்தவள் இல்லையா. தனியாகத் துவைப்பாள். தனியாக வைத்து, முதலில் நன்றாக உதறுவாள். ஈயத் தூசி சாம்பல் நிறத்தில் புகை மாதிரி எழும்பும். முகத்தைத் திருப்பிக்கொண்டு உதறுவாள். அப்புறம் கல்லில் அடிப்பாள். கல்யாணமாகி ஏழு வருஷம், வாரத்துக்கு ஆறு நாள். ரத்தத்தை ஒரு அணு அளவுக்கு அளக்கிறவள், முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று நினைத்திருந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லின் மேல் மகள் சுகிர்தா உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயது, யூகேஜி. அம்மா வரும் வரைக்கும் பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் பார்த்துக்கொள்வாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கரண்டி, கல்லைச் சுற்றியிருந்த ஈர மண்ணைக் கிளறி ஒரு மூடியில் நிரப்பிக்கொண்டிருந்தாள். சோறாம். போன வருஷம் நன்றாக எழுதின எழுத்தெல்லாம் இந்த வருஷம் மறக்கிறாள் என்று மிஸ் டைரியில் எழுதி அனுப்பியிருந்தாள். சுவரைச் சுரண்டி வாயில் போடுகிறாள், வயிறு வலிக்கிறது என்கிறாள், பூச்சி இருக்கும் என்று மருந்து கொடுத்தார்கள். சுகிர்தாவுக்கு அடுத்தது ஒன்று நாலாம் மாசத்தில் கலைந்து போனது. இதையெல்லாம் இதுவரை அவள் தனித்தனியாகத்தான் வைத்திருந்தாள்.

மெர்சி பின்கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். ஈயம் இங்கே இருக்கிறது, அங்கே இல்லை என்று விரலை வைத்துக் காட்ட முடியாது. எலக்ட்ரானைப் புள்ளியாக வரையாமல் மேகமாகத்தான் வரைய வேண்டும் என்று காலேஜில் படித்திருந்தாள். இங்கே அடர்த்தி, அங்கே மெலிசு, முழுசாக இல்லை என்று சொல்ல எந்த இடமும் கிடையாது. துவைக்கிற கல்லில் அடர்த்தி. பை மாட்டுகிற ஆணிக்குக் கீழே, பாய்க்கு அடியில், மாவு டப்பா மூடியில், சுகிர்தாவின் நகக்கண்ணில்.

ஆறு மணிக்கு இம்மானுவேலின் பைக் சத்தம் கேட்டது. சுகிர்தா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். தினமும் இதே விளையாட்டுதான். அவன் கால்சட்டைப் பாக்கெட்டில் கடலை மிட்டாய் இருக்கும். இரண்டு பாக்கெட்டில் எது என்று அவள் கையை விட்டுத் தேடி எடுக்க வேண்டும். அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு திருடன் மாதிரி நிற்பான்.

"நைனா, எந்தப் பக்கம்?"

"கண்டுபுடி பாப்பா."

"தொடாத!"

மெர்சி அப்படிக் கத்தி அவர்கள் கேட்டதில்லை. பாக்கெட்டுக்குள் போன கை அப்படியே நின்றது. பிறகு சுகிர்தா அழ ஆரம்பித்தாள்.

"இன்னாமே ஆச்சு உனக்கு? கொயந்த எப்படி பயந்துச்சு பாரு."

"பைய வெளிய வையி. உள்ள வராத. பின்னாடி போய் குளிச்சிட்டு வா."

"மொதல்ல இன்னான்னு சொல்லு."

"உன் டெஸ்ட் வந்துச்சு. நாப்பத்தி மூணு."

அவன் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "ரெஸ்ட்ல போட்ருவானுங்க" என்றான். கொஞ்சம் பொறுத்து, "சரி, காட்டுப்பள்ளில மச்சான் கீறான். வேலை கேட்டுப் பாக்கறேன்" என்றான்.

"அது உன் ரத்தம் இல்ல."

"பின்ன யாருது?"

"என்னுது. உன்னுத தூக்கிப் போட்டுட்டு என்னுத வச்சேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "போமே. மெஷினு ரிப்பேரா இருக்கும்."

"மூணு தபா பாத்தேன்."

"உன்னை யாரு மாத்தச் சொன்னது? நான் கேட்டனா? எவன்கிட்டயும் நிக்க மாட்டேன்னுதான சொல்லிக்கினு இருக்கேன்?" கோபத்தில் எழுந்தான். எழுந்தவன் பாதியில் நின்றான். "உனக்கே நாப்பத்தி மூணுன்னா எனக்கு எவ்ளோ மெர்சி?"

சுகிர்தா அழுகையை நிறுத்திவிட்டு, இதுதான் சமயம் என்று பாக்கெட்டிலிருந்து மிட்டாயை எடுத்துவிட்டிருந்தாள். பேப்பரைப் பிரித்து, மிட்டாயைக் கடித்து, விரலை ஒவ்வொன்றாக நக்கினாள். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். இம்மானுவேல்தான் முதலில் கண்ணை எடுத்தான்.

"பாப்பாவுக்குப் பாக்காத" என்றான்.

"பாக்கணும்."

"பாத்து இன்னா பண்ணுவே? ஊட்ட இடிப்பியா? வேணாம்மே. நீதான சொன்னே. அந்த எலக்ட்ரான் எங்க கீதுன்னு அளந்து பாக்கற வரைக்கும் சொல்ல முடியாதுன்னு. அளக்காத உட்டா ஒண்ணும் இல்லாமக் கூட இருக்கலாம்ல?"

"அது எலக்ட்ரானுக்கு. ஈயத்துக்கு இல்ல. அளந்தாலும் அளக்கலைனாலும் அது எலும்புல உக்காந்துக்கினுதான் இருக்கும்."

அவன் பின்பக்கம் போய் ரொம்ப நேரம் குளித்தான்.

காலையில் ஸ்கூல் வேன் வருவதற்கு முன்னால் மெர்சி ரத்தம் எடுக்கக் கொண்டுபோகிற கேம்ப் பையைத் திறந்து குழந்தைகளுக்கான மெல்லிசு ஊசியை எடுத்தாள். கூப்பிடலாமா வேண்டாமா என்று அவள் நிற்கும்போது இம்மானுவேல் தானாக வந்தான். வாளியில் தண்ணீர் எடுத்து, சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் மூன்று தடவை கழுவினான். துவைத்து மடித்த சட்டை ஒன்றைப் போடப் போனவன், எந்தக் கல்லில் துவைத்தது என்று ஞாபகம் வந்து, அதைக் கீழே போட்டுவிட்டு வெறும் உடம்போடு சுகிர்தாவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். கையை நீட்டிப் பிடித்தான். அவன் மணிக்கட்டு தொங்கியது. குழந்தை ஒரு உதறு உதறியதும் பிடி விட்டுப் போனது. இரண்டாவது தடவை தன் தாடையால் குழந்தையின் தோளை அழுத்திக்கொண்டு பிடித்தான்.

"நைனா, வலிக்குமா?"

"எறும்பு கடிக்கற மாதிரி. அம்மா மெதுவா குத்தும்."

பாதி ட்யூப் நிறைந்தது. பெயர் எழுதுகிற வெள்ளைச் சீட்டை ஒட்டினாள், எதுவும் எழுதவில்லை.

லேபில் பூவராகவன் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா மெர்சி, உலைக்காரங்க எல்லாருக்கும் அஞ்சு, ஆறு, எட்டு. இந்த இம்மானுவேலுக்கு மட்டும் நாப்பத்து மூணு. ரிபீட் போட்டியா?"

"போட்டேன் சார். அதான் வருது."

"வித்தியாசமா இருக்கே. சரி, ஒருத்தன்தான. மெயில் பண்ணிடவா? பதினொண்ணு ஆகப் போவுது."

அனுப்பினால் அவன் ரெஸ்ட்டில் போவான். அவனுடையது இல்லாத ஒரு நம்பருக்காக, அவனுடையதை விடக் குறைந்த ஒரு நம்பருக்காக. அது அவன் ரத்தம் இல்லை, என்னுடையது என்று சொன்னால் இந்த நாற்காலி போகும். எபினேசருடையது அன்புசெல்வனுடையது என்பதும் நாலு வருஷமாக அவள் நரம்பை மட்டும் பார்த்ததும் ஒன்றன் பின் ஒன்றாக வெளியே வரும். வந்தால் அந்த ஷெட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். சொல்லாவிட்டால் அந்த அத்தனை பேர் வீட்டிலும் இன்றைக்குச் சாயங்காலம் யாராவது ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு உதறுவாள்.

"பத்து நிமிஷம் குடுங்க சார். ஒண்ணு மட்டும் பாக்கி" என்றாள்.

சுகிர்தாவின் ரத்தத்தில் ஒரு துளி ஏற்கெனவே குழாய்க்குள் இருந்தது. பெயர் கேட்டுத் திரையில் ஒரு காலிக் கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது. கீழே லாரி ஒன்று போனது, ஜன்னல் நடுங்கியது. விளக்கு மங்கலான சிவப்பில் எரிந்தது. ரத்தம் காய்ந்து, எரிந்து, கொஞ்சம் புகை எழும்பி உறிஞ்சிக்கொண்டு போனது. பிறகு கரிக்குழாய் வெள்ளையாகக் கனன்றது. மெர்சி கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. அடியில் நேராக ஓடிக்கொண்டிருந்த கோடு லேசாக நெளிந்து, தலையைத் தூக்கியது.

இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற உடுப்பை எங்கே உதறுகிறீர்கள், யார் துவைக்கிறார்கள்? அந்தக் காலிக் கட்டத்தில் நீங்களாக இருந்தால் யார் பெயரை அடிப்பீர்கள்? தயவு செய்து கீழே பதில் எழுதுங்கள்.